இரு இரு, தோ வரேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ஆரணியில் இக்பால் பாயின் செல்போன் கடை மாடியில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றிலும் முப்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குத் தொப்பை. ஒருவருக்கு முன்மண்டையில் முடி விடைபெற்றுவிட்டது. ஒரு பெண்ணின் இடுப்பில் குழந்தை. எல்லாரும் சேர்ந்து, ஒரே குரலில், ஒரு ராப் பாட்டைத் திணறிக்கொண்டிருந்தார்கள்.

பாடிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதவேண்டியதைக் கை தவறி மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். திணறிக்கொண்டுதான் இருந்தார்கள். வேண்டுமென்றே. ஒத்திகை பார்த்தது போல.

"தெரு கேட்... தெரு... தெ... இரு இரு, தோ வரேன்..."

அப்புறம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பும் பாட்டில் உள்ளதுதான். எத்தனை நொடி சிரிக்க வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது வரை அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம். சில மாதங்களுக்கு முன் பஸ் பயணம் பற்றி எழுதும்போது, 'கரண்ட் போறதுக்குள்ள' என்ற ராப் ஆல்பத்தைக் கேட்டபடிதான் ஆரணிக்கும் சேத்துப்பட்டுக்கும் வேலைக்குப் போய்வந்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரே ஒரு வரி. அதற்கு வந்த மெயில்கள் இருக்கின்றனவே... நான் உயிரைக் கொடுத்து எழுதிய கட்டுரைகளுக்குக்கூட அப்படி வந்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. எழுதியவர்களை இக்பால் பாய் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்தார். சந்திக்கலாம் என்று முடிவானது. அப்படித்தான் அந்த மாடி.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது நாளெல்லாம் கரண்ட் கட் இருந்த காலம். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்த இடைவெளிகளுக்குள் ஓடி ஓடி ஒரு ஆல்பம் போட்டார்கள்.

ஒருவர் தரணேந்திரன். ஆரணியில் அரிசி மண்டி வைத்திருந்த ஜைனக் குடும்பத்துப் பையன். எல்லாருக்கும் தரணி. இசை, பதிவு எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் சுகந்தி. பெரணமல்லூர் பக்கம் ஒரு காலனி. அப்பா அம்மா இருவரும் கழனி வேலை. எழுதியதும் பாடியதும் சுகந்தி. வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று 'பெரணமல்லூர் சுகு' என்று மட்டும் பேர் போட்டுக்கொண்டார்.

ஸ்டூடியோ? தரணி வீட்டுக் குடோன்தான். சுற்றிலும் அரிசி மூட்டை அடுக்கினால் எதிரொலி வராது என்று எங்கோ படித்திருக்கிறார். எதிரொலி வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் வந்தது. ஆல்பம் முழுக்க வந்தது. இரண்டாவது பாட்டில் குக்கர் விசிலடிக்கும். ஒரு பாட்டு வேறு வேறு பேரில் இரண்டு தடவை இருக்கும். இன்னொரு பாட்டின் நடுவே தரணியின் அம்மா, "தரணி, பொழுது போவுது, சாப்ட வா" என்று கூப்பிடுவார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு அது. ராப்புக்காக எல்லாம் சூரியன் காத்திருக்குமா என்ன?

மொத்தத்தில், தொழில் தெரிந்தவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். நாங்கள் ஹெட்போன் வைத்துப் பொத்திக்கொண்டு கேட்டோம்.

அந்த ஆல்பத்தின் உச்சம் 'பின் சீட்டு' என்ற பாட்டு. பஸ்ஸில் போகிற ஒரு பெண்ணிடம் பக்கத்து சீட்டுக்காரர் விசாரிக்கிறார். முதலில் பேர். அப்புறம் ஊர். அப்புறம் எந்தத் தெரு. ஏன் தெருவைக் கேட்கிறார் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"பேரு கேட்டான், சொன்னேன்
ஊரு கேட்டான், சொன்னேன்
தெரு கேட்டான் ஒருத்தன்..."

சரியாக அந்த இடத்தில் கரண்ட் போய்விடும். பக்கத்து வீட்டுத் தறி நிற்கும். ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த தாளம் நிற்கும். பதிவு மட்டும் செல்போன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று விழுந்த அந்த அமைதியில் தனியாக மாட்டிக்கொண்ட சுகந்தியின் குரல் தடுமாறும். தெரு... தெரு... இரு இரு, தோ வரேன். ஒரு சிரிப்பு. பிறகு தாளமே இல்லாமல் முழுசாகச் சொல்லி முடிப்பார்.

"தெரு கேட்டான் ஒருத்தன், திரும்பிப் பாத்துச் சொன்னேன்
நீ ஏறுன ஸ்டாப்பு எதுன்னு நானா கேட்டேன்?"

மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்ள வருகிறவர்களுக்கெல்லாம் இக்பால் பாய் இந்த ஆல்பத்தை இலவசமாகச் சேர்த்து ஏற்றிவிட்டார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும். அப்படித்தான் போளூர், வந்தவாசி, செய்யாறு என்று அது ஊர் ஊராகப் போனது. இரண்டாவது ஆல்பம் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. சுகந்தியின் குரலை அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

சந்திப்புக்கு அவரைக் கூப்பிடும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். நம்பர் கிடைத்தது. வேலை எங்கே தெரியுமா? கரண்ட் ஆபீஸில். நிஜமாகத்தான். பில் கணக்கு பார்க்கிறார். போனில் நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அது முடிஞ்சு போச்சு மேடம். அதப் பத்தி வேணாமே" என்றார்.

"உங்களைப் பாக்கணும்னு அவ்ளோ பேரு..."

"வரலங்க." வைத்துவிட்டார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை. சென்னையிலிருந்து தரணி மட்டும் லேப்டாப்புடன் வந்திருந்தார். விளம்பரங்களுக்கு ஒலி சேர்க்கிற வேலை. லேசாக நரைத்த தாடி. யாருடனும் அதிகம் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் கூட்டத் திணறல் தொடங்கியது அப்போதுதான்.

"...இரு இரு, தோ வரேன்..."

சிரிப்பு வரும் இடத்தில் நான் கண்ணைத் திறந்தேன். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நீலச் சேலை. கையில் ஹெல்மெட். முகம் சுருங்கிப் போயிருந்தது. நான் எழுந்திருப்பதற்குள் திரும்பி இறங்கிவிட்டார்.

போட்டோ பார்த்ததில்லை. ஆனால் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலேயே ஓடினேன். பாதிப் படியில் பிடித்தேன்.

"சுகந்தி... நான்தான் போன் பண்ணது."

"தெரியுதுங்க." திரும்பாமலே சொன்னார். "வண்டியை நிறுத்திட்டு ரொம்ப நேரம் எதிர்ல நின்னுகினு இருந்தேன். வரலாமா வேணாமான்னு. சரி, இத்தினி வருஷம் ஆச்சே, நாலு பேரு நல்லதா எதுனா சொல்வாங்கன்னு ஏறி வந்தேன். நீங்க இன்னும் அதையே சொல்லிச் சிரிச்சிகினு இருக்கீங்க."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது.

"நான் ஒளறுன எடத்த எடுத்துடுன்னு தரணிகிட்ட சொன்னேன். சரின்னான். எடுக்கல. அப்படியே பாய்கிட்ட குடுத்துட்டான். அப்புறம் வைவாவுக்கு எழுந்து நின்னா பின்னாடி பெஞ்சிலருந்து இரு இரு தோ வரேன். கேன்டீன்ல, பஸ்ல. எங்க ஊரு ஸ்டாப்புல எறங்கும்போது கூட. அந்தப் பாட்டுல நான் எவ்ளோ எழுதி இருந்தேன் தெரியுமாங்க? ஒருத்தன் கூட அதச் சொல்லல. நான் ஒளறுனத மட்டும் புடிச்சிகினாங்க."

என்ன சொல்வீர்கள் நீங்கள்? நாங்கள் கிண்டல் செய்யவில்லை, ரசித்தோம் என்று சொல்லலாம். ஆனால் யாரோ கிண்டல் செய்திருக்கிறார்களே. பின் பெஞ்சிலிருந்து வந்த வார்த்தையும் எங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தையும் ஒன்றுதானே. வித்தியாசத்தை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அதற்குள், மேல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் இறங்கி வந்தார். இடுப்பில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த மகேஸ்வரி. தெள்ளார்க்காரர். வந்தவாசியில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை வேலை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு சுகந்திக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டாங்க?"

சுகந்தி குனிந்து ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ்ல லேப் டெக்னீசியன் படிக்கப் போனேன். ஹாஸ்டல்ல மொத நாளு. ஒரு பொண்ணோட அப்பா பெட்டியெல்லாம் கொண்டாந்து வச்சிட்டு என்கிட்ட பேசிகினு இருந்தாரு. பேரு இன்னாம்மான்னாரு, சொன்னேன். எந்த ஊருன்னாரு, சொன்னேன். தெள்ளாரா, எனக்கு நல்லா தெரியுமே, அங்க எந்தத் தெருன்னாரு."

சுகந்தி இப்போது அவரைப் பார்த்தார்.

"எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. இன்னா சொல்றதுன்னே தெரியல. திடீர்னு வாயில வந்துச்சு. 'இரு இரு, தோ வரேன்'. அவ்ளோ பெரியவரு, 'இருங்க'ன்னு கூட வரலக்கா. சொல்லிட்டு தண்ணி பாட்டில எடுத்துகினு வெளிய வந்துட்டேன். பின்னாடியே இன்னொரு பொண்ணு ஓடி வர்றா. செய்யாறு பக்கம். வந்து நின்னு, 'தெரு கேட்... தெரு... தெ...'ன்றா. ரெண்டு பேரும் குழாயாண்ட நின்னு கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். அந்தக் காலேஜ்ல எனக்கு மொதல்ல கெடச்ச ஆளு அவதான். இன்னிக்கும் அவதான்."

குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க பாட்டுல கடைசியா சொல்ற பதில் சூப்பரா இருக்குதுக்கா. ஆனா அது எனக்கு வராது. அவ்ளோ தைரியம் அன்னிக்கி இல்ல. தெணறத்தான் தெரிஞ்சுது. நீங்களும் தெணறுனீங்க. தெணறிட்டு அப்புறம் சொன்னீங்க. அதான் எங்களுக்கு." மகேஸ்வரி மேலே மாடியைக் காட்டினார். "கிண்டல் பண்ணவங்க பண்ணாங்க. நாங்க அவங்க இல்லக்கா."

சுகந்தி ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். பிறகு, "கொழந்தையைத் தாங்க மேடம், உங்க கண்ணாடிய ஒடச்சிடும்" என்று என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு எழுந்தார். மேலே ஏறினார்.

அவரைப் பார்த்ததும் மாடியே எழுந்து நின்றது. யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. இக்பால் பாய் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காரும்மா."

தரணி மட்டும் உட்காராமல் நின்றிருந்தார். அத்தனை வருடங்களுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது அன்றுதான்.

"நல்லா இருக்கியா?" என்றார் தரணி.

"இருக்கேன்."

"நீ வருவியோ மாட்டியோன்னு தெரியல. வந்தா குடுக்கணும்னு ஒண்ணு பண்ணி எடுத்துகினு வந்தேன்." லேப்டாப்பைத் திறந்தார். "பழசையெல்லாம் சுத்தமாக்கிட்டேன். தறிச் சத்தம் இல்ல. குக்கர் இல்ல. அப்புறம்... நீ எடுக்கச் சொன்னதும் இல்ல."

'பின் சீட்டு' ஓடியது. அடேயப்பா, என்ன துல்லியம். தாளம் ஒவ்வொன்றும் நெஞ்சில் இறங்கியது. சுகந்தியின் குரல் கண்ணாடி போல இருந்தது. பேரு கேட்டான், சொன்னேன். ஊரு கேட்டான், சொன்னேன். தெரு கேட்டான் ஒருத்தன், திரும்பிப் பாத்துச் சொன்னேன்... தடுமாற்றமே இல்லாமல், தாளம் நிற்காமல், வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

பாட்டு முடிந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீடு மாறிப்போய் வேறு யார் வீட்டிலோ உட்கார்ந்துவிட்டது போல ஒரு சங்கடம்.

"தாளத்தோட சேத்து நான் அந்த வரிய முழுசா பாடவே இல்லியே" என்றார் சுகந்தி. "இது யாரு?"

"நீதான். உன் குரல்தான். ஒரு ஏஐ சாப்ட்வேர் இருக்குது, மத்த பாட்டெல்லாம் குடுத்தா அதே குரல்ல..."

"என்னைக் கேட்டியா?"

தரணி கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"அன்னிக்கி எடுன்னு சொன்னத எடுக்காம போட்ட. இன்னிக்கி நான் பாடாதத பாடுனதா பண்ணி எடுத்துகினு வந்திருக்க. ரெண்டுக்கும் என்னைக் கேக்கல." சத்தம் போடாமல்தான் சொன்னார். மடியில் குழந்தை இருந்தது. "அன்னிக்கி நீ வந்து, எனக்கு இது புடிச்சிருக்குது சுகந்தி, இருக்கட்டுமான்னு கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனோ இன்னாவோ. அது எனக்குத் தெரியவே இல்லாம போச்சு பாரு. அதான் என் கோவம்."

தரணி தலையைக் குனிந்துகொண்டார். "ஆல்பத்துலயே எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான்" என்றார். "உன்கிட்ட சொன்னா மறுபடியும் எடுத்துடுன்னு அடிச்சு சொல்லிடுவியேன்னு பயந்து சொல்லல. தப்புதான். அப்பவும் தப்பு, இப்பவும் தப்பு." லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். "அழிச்சிடவா?"

"அழி."

அழித்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். நாம் ஏன் நமக்குப் பிடித்தவர்கள் விஷயத்தில் மட்டும் கேட்காமலே எல்லாவற்றையும் செய்துவிடுகிறோம்? முன்பின் தெரியாதவர் வீட்டு ஜன்னலைச் சாத்துவதற்குக்கூட அனுமதி கேட்கிற நாம், நெருங்கியவர்களின் வாழ்க்கையை அவர்கள் அசந்த நேரத்தில் சரிசெய்துவைக்கக் கிளம்பிவிடுகிறோம். அன்புதான். சந்தேகமில்லை. ஆனால் கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்ற பயமும் அந்த அன்புக்குள் பதுங்கி உட்கார்ந்திருக்கிறது.

சரி, மாடிக்கு வருவோம்.

"பழச போடுங்க பாய்" என்றார் சுகந்தி. "ஆல்பம் வந்ததுலருந்து நான் கேட்டதே இல்ல."

இக்பால் பாய் தன் செல்போனிலிருந்து போட்டார். தறிச் சத்தத்தோடு, விசிலோடு, முதல் பாட்டிலிருந்து. தரணியின் அம்மா சாப்பிடக் கூப்பிட்ட இடத்தில் சுகந்தி லேசாகச் சிரித்தார். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று தரணியைக் கேட்டார். "நல்லா இருக்காங்க. உன்னக் கேட்டாங்க" என்றார் அவர்.

'பின் சீட்டு' வந்தது. பேரு கேட்டான். ஊரு கேட்டான். தறி நின்றது. தாளம் நின்றது. அந்த இடம் வந்ததும் நாங்கள் எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தொப்பைக்காரர் கையால் வாயையே பொத்திக்கொண்டார். செல்போனிலிருந்து பத்தொன்பது வயசுக் குரல் தனியாகத் தடுமாறிச் சிரித்தது.

சுகந்தி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"ஏன் எல்லாரும் வாய மூடிகினு இருக்கீங்க?" என்றார். "கொஞ்சம் பின்னாடி போடுங்க பாய். இப்ப சொல்லுங்க."

சொன்னோம். அத்தனை பேரும். தெரு கேட்... தெரு... தெ... இந்தத் தடவை சிரிப்பு மட்டும் சரியாக வரவில்லை. மகேஸ்வரி அழுதுகொண்டிருந்தார். ஆனால் கடைசி வரியை, தாளமில்லாத அந்தப் பதிலை, சுகந்தியும் சேர்ந்து சொன்னார். செல்போன் குரலுக்குச் சற்று முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டார். எழுதியவராயிற்றே, மறக்குமா?

பிறகு டீ வந்தது. ஆல்பத்தை முறைப்படி நெட்டில் ஏற்றலாமா என்று தரணி கேட்டார். ஏற்றலாம், அப்படியே, ஒன்றையும் தொடாமல் என்றார் சுகந்தி. "பேரு மட்டும் மாத்து. சுகு வேணாம். சுகந்தின்னு முழுசா போடு. இப்ப எங்கப்பாவே கேப்பாரு."

"அடுத்தது எப்பம்மா?" என்று இக்பால் பாய் கேட்டதற்கு, "பாக்கலாங்க பாய்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் என் போனுக்கு ஒரு ஆடியோ வந்தது. தரணிக்கு அனுப்பியதை எனக்கும் அனுப்பியிருந்தார். ஆபீஸ் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்று பாடியது போல. பின்னால் வண்டி கிளம்பும் சத்தம், காக்கா, யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவரிடம் மட்டும் எந்தத் தெருவும் தன் கதவைச் சாத்துவதில்லை என்று தொடங்குகிறது. நான்கு வரிதான். அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதியில்லை. கேட்டுவிட்டுத்தான் இதையே எழுதுகிறேன்.

நேற்று சுகந்தியே போன் செய்தார். குரலில் எரிச்சல்.

"மேடம், தரணிகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. காலைலருந்து மெசேஜா போட்டுகினு இருக்கான். காக்கா இருக்கட்டுமா, வேணாமா? மூச்சு வாங்குறது இருக்கட்டுமா? இந்த எடத்துல சத்தத்த கொஞ்சம் ஏத்தட்டுமா? ஒண்ணொண்ணுத்துக்கும் கேட்டா நான் ஆபீஸ் வேலைய எப்பங்க பாக்குறது? ஒரே பேஜாரா இருக்குது."

புதிதாகக் கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் கொஞ்ச காலம் அதிகமாகத்தான் கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் சுகந்தி.